நூலளவு ஈரல்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

இனி என் குரலையே கேட்கமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தாய். குரலைத்தான் சொன்னாய், எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

கோபத்தை முதலில் கொட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா கல்லூரி முதல் பருவத் தேர்வில் முதலாவதாக வந்ததற்கு விருந்து வைத்தாய். தாய்மாமன் இல்லாமல் நன்றாக இருக்காது என்று கூப்பிட்டாய், வந்தேன். தலைமை ஆசிரியை வீட்டு விருந்து என்று உன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் பாதிப் பேர் கூடத்தில் இருந்தார்கள். அத்தானின் அண்ணன் குடும்பம் சோபாவில். நான் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். நீ நேரே வந்து என் கண்ணைப் பார்த்து, "என்னடா, கண்ணு மஞ்சளா இருக்கு?" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். தாடையைப் பிடித்துத் திருப்பி என் வாயை மோந்து பார்த்தாய். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "அப்பா மாதிரியே ஆரம்பிச்சிட்டான்" என்றாய். கூடத்தில் ஒருவரும் வாயில் இருந்ததை விழுங்கவில்லை. பாப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் குடிப்பதில்லை. எத்தனை தடவை சொல்வது? லிப்ட் மெக்கானிக் கட்டட உச்சியில் கயிற்றுக்கும் குழிக்கும் நடுவில் நின்று வேலை பார்ப்பவன். குடித்திருந்தால் என்றைக்கோ என்னைக் குழியிலிருந்து வாரி எடுத்திருப்பார்கள்.

இனி விஷயம். கண் மஞ்சளாக இருந்தது உண்மை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். ஈரல் எண்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு ஏறியிருக்கின்றன. கிருமியால் வருகிற காமாலை எதுவும் இல்லையாம். ஸ்கேனில் கல் இல்லை, அடைப்பு இல்லை. ஈரலில் ஊசி செலுத்தி ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. அதற்குப் பயாப்சி என்று பெயர். அன்று முழுக்கக் கூட ஒருவர் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். சொந்தத்தில் யாராவது வந்தால் நல்லது என்றார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். வருவாயா, மாட்டாயா என்பதை மட்டும் எழுது.

உன் தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

வரமாட்டேன். கேட்டது அதுதானே, முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

நீயும் போகக் கூடாது. அப்பாவுக்கு அந்த ஊசி போட்டபோது நீ எங்கே இருந்தாய்? தொழில் பழகுகிறேன் என்று வெளியூரில். காகிதத்தை என்னிடம்தான் நீட்டினார்கள். "சின்ன ஊசிதாம்மா, சாயங்காலமே எழுந்து உக்காந்துடுவாரு" என்றார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரம் முடிவதற்குள் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நீ வந்து இறங்கியபோது நான் தரையைக் கழுவித் துடைத்து முடித்திருந்தேன். அதனால் உனக்கு ஊசி என்பது வெறும் வார்த்தை. இன்னொரு தடவை அப்படி ஒரு காகிதத்தில் என் கையெழுத்து விழாது.

அரிசி மூட்டையில் குத்தி நாலு அரிசி எடுத்துப் பார்ப்பதுபோல உயிருள்ள ஈரலைக் குத்திப் பார்ப்பார்களாம். குத்தினால் அது சும்மா இருக்குமா? உள்ளே தூங்குகிற நோயைத் தட்டி எழுப்புவதுதான் மிச்சம். காரணம் தெரியவில்லை என்கிறார்களா? எனக்குத் தெரியும். குடி. நீ குடிக்கவில்லை என்றால் மோந்து பார்த்ததில் உனக்கு என்ன குறைந்துவிட்டது? அப்பாவும் இதே குரலில்தான் "நான் தொடறதே இல்ல" என்பார். சொல்லிக்கொண்டே தள்ளாடுவார்.

போன வருஷத்திலிருந்து மாதாமாதம் உனக்கு ஈரல் பொடி அனுப்புகிறேன். சந்தையில் வேர்க்காரரிடம் வாங்கி, நிழலில் உலர்த்தி, இடித்து, துணியில் மூன்று தடவை சலித்து. நம் வீட்டு ஈரல் எப்படிப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால். நீ அதைத் தொட்டாயா என்பதுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் என்று சொல்லியிருந்தேன். இனி இரண்டாக்கு. குடியை நிறுத்து. கண் தானாக வெளுக்கும். ஊசியும் வேண்டாம், டாக்டரம்மாவும் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

சுற்றறிக்கை கிடைத்தது. ஆசிரியைகள் உன்னைப் பார்த்து ஏன் நடுங்குகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

பொடியைப் பற்றிக் கேட்டாயே, கேட்டுக்கொள். மாதாமாதம் வருகிற பொட்டலத்தை மாதாமாதம் சாக்கடையில் கொட்டுகிறேன். என் வாயை நம்பாத உன் கையால் வருகிற எதுவும் என் வாய்க்குள் போகாது. போதுமா?

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு என்னால் சண்டை போட முடியவில்லை, அது வேறு கோபம். டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசினார். "ஈரல் ரொம்பச் சுருங்கிப் போனா உணவுக் குழாய்ல ரத்தக் குழாய் வீங்கி வெடிக்கும். ரத்த வாந்தி அதுனாலதான் வந்திருக்கும். ஊசி போட்டா ரத்தம் கசியறது உண்டு, இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன். அபூர்வம். அதுக்குத்தான் முன்னாடியே ரத்தம் உறையுதான்னு பார்க்கிறோம், பின்னாடி மணிக்கணக்கா படுக்க வெச்சுப் பார்க்கிறோம்" என்றார். குத்தினால் நோய் பரவுமா என்றும் கேட்டேன், உனக்காக. "உங்களுக்கு ஈரல்ல கட்டி எதுவும் இல்லீங்க. பரவறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல" என்றார்.

ஏன் ஊசி என்றால், ரத்தப் பரிசோதனை ஈரல் கஷ்டப்படுகிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. ஸ்கேனில் அதன் உருவம் தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. என் ரத்தத்தில் இன்னொரு சோதனை பாதி ஆம் என்கிறது, பாதி இல்லை என்கிறது. என் உடம்பே என் ஈரலைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குகிறதோ என்று சந்தேகமாம். அப்படியானால் வருஷக்கணக்கில் கடுமையான மாத்திரை சாப்பிட வேண்டும். அப்படி இல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுத்தால் ஆளைக் கெடுத்துவிடும். "பார்க்காம நான் கண்ண மூடிக்கிட்டு எழுத முடியாது" என்கிறார். எனக்கு இது புரிகிறது. லிப்ட் நின்றுபோனால் குடியிருப்பவர்கள் எல்லோரும் மோட்டார் போச்சு என்று சத்தியம் செய்வார்கள். பெட்டியைத் திறந்து பார்க்காமல் நான் எதையும் மாற்றுவதில்லை.

இன்னொன்றும் கேட்டேன். நான் குடிக்கவில்லை என்று அந்தத் துண்டு சொல்லுமா என்று. "அது கோர்ட் இல்லீங்க" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபதாம் தேதி குறித்திருக்கிறார்கள். உன் கையெழுத்து தேவையில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஸ்பேனர் வருகிறான். அவனுக்கு என் வாயை மோந்து பார்க்கும் வழக்கம் இல்லை.

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

ஸ்பேனரா? பெயரைக் கேட்டாலே தெரிகிறது. கூடப் பிறந்தவள் குத்துக்கல்லாக இருக்கும்போது எவனோ ஒருவன் கையில் உன் உயிரைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறாய். நாளைக்கு ஏதாவது ஆனால் ஊரார் யாரைக் கேட்பார்கள்? ஸ்பேனரையா?

உன் டாக்டரம்மா நன்றாகப் பேசுகிறார். அப்பாவுக்குப் போட்டவரும் நன்றாகத்தான் பேசினார்.

சாக்கடையில் கொட்டினாயா? நல்லது. கை விரல் தோல் உரிய இடித்தவளுக்கு இது வேண்டியதுதான். இனி மாதாமாதம் அனுப்புவதற்கு நான் என்ன பைத்தியமா என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன்.

அந்த ஊசி எவ்வளவு நீளம்? அப்பாவுக்குப் போட்டதை நான் பார்க்கவில்லை, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். சும்மா கேட்கிறேன். சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முந்தின இரவு நன்றாகத் தூங்கு. எக்கேடோ கெட்டுப் போ.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கெட்டுப்போகவில்லை. உயிரோடுதான் இருக்கிறேன்.

ஊசியின் நீளம் கேட்டாய். நீளமாகத்தான் இருந்தது, ஆனால் மெல்லியது, பேனா ரீபிளைவிட ஒல்லி. நான் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார், அதனாலேயே பார்த்தேன்.

முதலில் கேள்விகள். தலைவலி மாத்திரையை முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள், அது ரத்தத்தை உறையவிடாதாம். நிறுத்தினேன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றார்கள். ஒன்றும் இல்லை என்றேன். காகிதத்தை ஒவ்வொரு வரியாக விளக்கிப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கூட வந்தவர் உறவா என்று நர்ஸ் கேட்டார். நண்பன் என்றேன். "வீட்டுல யாரும் இல்லையா?" என்றார். "அக்கா இருக்காங்க, பள்ளிக்கூடத்துல லீவு கிடைக்கல" என்று பொய் சொன்னேன். உனக்காகப் பொய் சொல்ல வைத்தாயே என்று அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். வலது கை தலைக்கு மேலே. வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் கருவியை விலாவில் ஓட்டி, ரத்தக் குழாய் இல்லாத இடமாகப் பார்த்துப் பேனாவால் குறி போட்டார் டாக்டர். மரத்துப்போக ஒரு ஊசி. உண்மையில் எரிந்தது அது ஒன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து அழுத்திப் பார்த்து, "தெரியுதா?" என்றார். அழுத்துவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

"இப்போ மூச்ச முழுசா வெளிய விடுங்க. அப்படியே நிறுத்துங்க. அசையாதீங்க" என்றார். மூச்சு விட்டால் ஈரலும் கூடவே மேலும் கீழும் போகுமாம், அதற்காக நிறுத்த வேண்டும். நான் நிறுத்தினேன். டக் என்று ஒரு சத்தம், ஸ்டேப்ளர் அடித்தது போல. விலாவுக்குள் யாரோ குத்துவிட்ட மாதிரி ஒரு அதிர்ச்சி. "முடிஞ்சது, மூச்சு விடுங்க" என்றார். அவ்வளவுதான். நீ என்னைத் திட்டுகிற ஒரு வாக்கியத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

எடுத்ததைக் காட்டச் சொன்னேன். சின்னப் பாட்டிலில் மருந்துத் தண்ணீரில் மிதந்தது. பழுப்பாக ஒரு நூல், சட்டைக் கையில் பிரிந்து தொங்குமே அந்த அளவு. இதை வைத்தா என் தலையெழுத்தைப் படிப்பீர்கள் என்று கேட்டேன். "இது போதும்" என்றார்.

பிறகுதான் பாடு. வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள், காயத்தை உடம்பே அழுத்திக்கொள்ளட்டும் என்று. எழுந்திருக்கக் கூடாது, புரளக் கூடாது. நர்ஸ் வந்து வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். விலாவில் போட்டதற்கு வலது தோள் வலித்தது. இதென்ன கூத்து என்றேன். "அப்படித்தாங்க வலிக்கும், ரெண்டு இடத்துக்கும் ஒரே நரம்பு" என்று மாத்திரை கொடுத்தார். எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர், அவருக்கும் அதே ஊசி. அவர் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். போர்வையை இழுத்துவிட்டதற்கு ஒரு சண்டை, தண்ணீர் குடிக்காததற்கு ஒரு சண்டை. நான் சுவர்ப் பக்கம் திரும்ப முடியாதபடி படுத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஸ்பேனர் வெளியே என்னைவிட வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கனம் தூக்கக் கூடாது, மயக்கமோ கடுமையான வலியோ வந்தால் உடனே வர வேண்டும். எதுவும் வரவில்லை. முடிவு வர இன்னும் சில நாள் ஆகும்.

தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உன் கடிதத்தை ஆசிரியைகள் அறையில் நின்றுகொண்டே படித்தேன். அந்த டக் என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இப்படியா ஒருவன் எழுதுவான்? மனிதருக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

லீவு கிடைக்கவில்லை என்று சொன்னாயாமே. நான் கேட்டால்தானே கிடைக்காமல் போக. வரமாட்டேன் என்று சொன்னவளை, வரமாட்டேன் என்று சொன்னாள் என்றே சொல்லியிருக்கலாம். உன்னிடம் யாரும் பொய் கேட்கவில்லை. அந்தப் பெரியவரின் தங்கையைப் பற்றி எனக்கு எழுதியது எதற்கு என்று புரியாத அளவு நான் முட்டாள் இல்லை.

முடிவு வந்ததும் எழுது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எழுது.

பைத்தியமா என்று கேட்டவள் மறுபடியும் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். சாக்கடைக்காவது பயன்படட்டும். இங்கே பாப்பா உன்னைப்போல் இல்லை. கல்லூரிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சோர்வு சோர்வு என்கிறாள், அவளுக்கும் காலையில் கலக்கிக் கொடுக்கிறேன். முகத்தைச் சுளிப்பாள், ஆனால் டம்ளர் காலியாகும்வரை நான் நகரமாட்டேன். நானும் குடிக்கிறேன், உன் அத்தானும் குடிக்கிறார். எங்கள் யார் கண்ணும் மஞ்சளாகவில்லை என்பதைக் கவனி.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உனக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. இரண்டாவது தடவை துண்டித்தாய். பாப்பாவுக்குச் செய்தேன். அவளிடம் சொல்லிவிட்டேன். "நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க மாமா. நான் சொன்னா நீங்க சொல்லிக் குடுத்ததா நினைச்சு ருத்ரதாண்டவம் ஆடுவாங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். நின்று படிக்காதே, உட்கார்ந்து படி.

முடிவு வந்தது. என் உடம்பு என்னைத் தாக்கவில்லை. குடி என்பதற்கான அடையாளமும் அதில் இல்லை. டாக்டரம்மா அறிக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, "நீங்க எங்கிட்ட எதையோ சொல்லல" என்றார். எனக்குப் புரியவில்லை. "இது ஏதோ மருந்தால வந்த காயம் மாதிரி இருக்கு. துண்டு பேரச் சொல்லாது, ஆனா வழியக் காட்டும். என்ன சாப்பிடறீங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்று மறுபடியும் சொன்னேன். அவர் விடவில்லை. "மருந்துக் கடையில வாங்கினாத்தான் மருந்துன்னு இல்லீங்க. வேர், பொடி, கஷாயம், சத்து மாவு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அப்போதுதான் உன் பொட்டலம் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

சாக்கடையில் கொட்டினேன் என்று எழுதினேனே, அது பொய். ஒரு நாள்கூட விட்டதில்லை. கோபத்தில் அப்படி எழுதினேன். நீ இரண்டாக்கு என்று எழுதிய கடிதம் வந்த மறுநாளிலிருந்து இரண்டு ஸ்பூன். அடுத்த தடவை உன் வீட்டுக்கு வரும்போது கண் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும், அதே கூடத்தில் உன் முன்னால் வந்து நின்று, இப்போது மோந்து பார் என்று சொல்ல வேண்டும். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினேன். டாக்டர் கேட்டபோது சொல்லத் தோன்றவே இல்லை. அது மருந்து என்று நான் நினைத்ததில்லை. அது உன் பொடி.

உடனே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். எண்கள் இறங்கினால் அதுதான் காரணம் என்று உறுதியாகும். ஒரே பொடி எல்லோரையும் கெடுக்காது, சில உடம்புக்குத்தான் ஒத்துக்கொள்ளாது என்றார். உனக்கும் அத்தானுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் ரத்த உறவில் இன்னொருவர் சாப்பிட்டால் பார்த்துவிடுவது நல்லது என்று அவரே சொன்னார்.

பாப்பாவுக்குக் கொடுக்காதே. என்னைத் திட்டு, டாக்டரம்மாவைத் திட்டு, ஆனால் நாளைக் காலையில் அந்த டம்ளரை எடுக்காதே.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

படித்தேன். உட்கார்ந்துதான் படித்தேன்.

நல்ல டாக்டரம்மாவாகப் பிடித்திருக்கிறாய். குடிகாரன் பிழைத்தான், இடித்துச் சலித்தவள் கொலைகாரி ஆனாள். ஒரு நூலை எடுத்துப் பார்த்துவிட்டு என் பொடிதான் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டாராம். பெயர் சொல்லாது, வழி காட்டும் என்றாராமே, அந்த வழி நேரே என் அடுப்படிக்கு வந்து நிற்கிறது. வேர்க்காரர் தலைமுறை தலைமுறையாக விற்கிறார். அவரிடம் வாங்குகிறவர்கள் எல்லோரும் மஞ்சளாகவா திரிகிறார்கள்?

சரி, உன் பேச்சையே எடுத்துக்கொள்வோம். கொட்டினேன் என்றாய். இல்லை, தின்றேன் என்கிறாய். இதில் எது பொய்? கொட்டினேன் என்று எனக்கு எழுதிவிட்டு உண்மையிலேயே கொட்டியிருந்தால் இன்றைக்கு நன்றாக இருந்திருப்பாய், இல்லையா? அதையாவது ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா? என்னிடம் ஒன்று, டாக்டரிடம் ஒன்று, நாளைக்கு இன்னொன்று. வாயைத் திறந்தால் பொய் வருகிற ஆள் குடிப்பதில்லை என்று சொன்னால் நான் நம்ப வேண்டும்.

என் பிள்ளைக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பிள்ளை இருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். அவளிடம் போனில் பேசி என் பேச்சை மீறச் சொல்லிக்கொடுக்காதே. இன்று காலையும் கொடுத்தேன், நாளையும் கொடுப்பேன்.

அக்கா


மார்ச் 14

எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினாய். சரி, எழுதிவிட்டாய், வைத்துக்கொள்கிறேன்.

பொடியை நிறுத்தியபின் நேற்று ரத்தம் பார்த்தார்கள். பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. அறிக்கையின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் அத்தான் வேலை பார்க்கும் கிடங்குக்கே போன் செய்து அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உன்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதை நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பேசாவிட்டால் நானே வந்து பாப்பாவை அழைத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைப்பேன், உன் வாசலில் நின்று சத்தம் போட்டாவது. அத்தனை ஆசிரியைகளும் வந்து பார்க்கட்டும். எனக்கு இனி அங்கே இழக்க மானம் ஒன்றும் மிச்சமில்லை.


மார்ச் 22

தம்பிக்கு,

பாப்பாவுக்கு ரத்தம் பார்த்தோம். ஏறியிருக்கிறது. உன் அளவு இல்லை. கண் மஞ்சளாகவில்லை. ஆனால் ஏறியிருக்கிறது.

உன் அத்தான் அன்று கிடங்கிலிருந்து பாதி வேலையில் வந்தார். சமையலறைக்குப் போனார். டப்பாவை எடுத்தார், வாசலுக்குக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தார். பாப்பாவைக் கூப்பிட்டு, "செருப்பப் போட்டுக்கோ" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றார். போனேன்.

எங்கள் மூன்று பேருக்கும் பார்த்தார்கள். எனக்கும் உன் அத்தானுக்கும் ஒன்றும் இல்லை. எல்லோரைவிடவும் அதிக நாள் குடித்தவள் நான். உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும்மா என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? எனக்கு ஏறியிருக்கக் கூடாதா? உனக்கு ஏறும், பாப்பாவுக்கு ஏறும், கலக்கிக் கொடுத்தவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

சந்தைக்குப் போய் வேர்க்காரரைப் பிடித்து உலுக்கினேன். அதில் என்னென்ன சேர்க்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. மொத்த வியாபாரி கொடுப்பதைக் கட்டித் தருகிறேன் என்றார். அவரிடம் இருந்ததில் ஒரு பொட்டலம் வாங்கி டாக்டரிடம் கொடுத்திருக்கிறேன். யார் இடித்தது என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

பொடியை நிறுத்திவிட்டு வாரம் ஒரு தடவை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இறங்கிவிடும் என்கிறார். காரணம் தெரிந்துவிட்டதால் இப்போதைக்கு ஊசி வேண்டாமாம். இறங்காவிட்டால் அவளுக்கும் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் காகிதம் வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன். ஊசி எப்படி இருக்கும் என்று பாப்பா கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "மாமா வந்து சொல்லட்டும். அவர்தான் பூசி மெழுகாம சொல்லுவார்" என்றாள்.

இன்னொன்று இருக்கிறது. உன் கடிதம் வந்தபிறகு நான் கொடுத்தது அவள் சோர்வுக்கு இல்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்துக்குக் கொடுத்தேன். நீ சொல்லி நான் நிறுத்துவதா என்று. ஒவ்வொரு காலையும் டம்ளரைக் கையில் கொடுத்து எதிரே நின்றேன். அது அவளுக்குக் கெடுதல் என்று நீ போனில் சொல்லியிருக்கிறாய். அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நான் நிற்கிறேனே என்று குடித்திருக்கிறாள். ஏன்டி சொல்லவில்லை என்று நேற்று கேட்டேன். "சொன்னா நீ மாமாவ இன்னும் திட்டுவம்மா" என்றாள்.

அன்று விருந்துக்கு வந்த அத்தனை பேர் வீட்டுக்கும் போய்விட்டேன். என் தம்பி குடிப்பதில்லை, நான் சொன்னது தப்பு, அவன் ஈரலைக் கெடுத்தது என் பொடி என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். உள்ளே வாங்க என்றார்கள். உட்காரவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதியதற்கு யார் வீட்டு வாசலில் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

இந்த வீட்டில் ஒருவரும் என்னைத் திட்டமாட்டேன் என்கிறார்கள். உன் அத்தான் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு போட்டு வைக்கிறார். பாப்பா "விடும்மா, ஒண்ணும் ஆகல" என்று என் தலையைத் தடவுகிறாள். பள்ளிக்கூடத்தில் என்னை யார் திட்டுவது? என்னால் இதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வா. பாப்பாவுக்கு ஊசியைப் பற்றிச் சொல்லு. சொல்லி முடித்துவிட்டு, அவள் எதிரிலேயே, என்னைத் திட்டு.

அக்கா